ஃப்ளானரி ஓ'கானரின் ஆரம்பக் கதைகள்: ஓர் எழுத்தாளரின் விசுவாசத்தைத் தேடிப் படிக்க ஒரு வழிகாட்டி

ஒரு நாவலாசிரியர் ஆழமான மத விசுவாசம் உள்ளவர் என்று தெரிந்துவிட்டால் நம்மில் பலர் இரண்டு விதமாகப் படிப்போம். உபதேசம் எங்கே வரப்போகிறதோ என்று சந்தேகத்தோடு பக்கம் புரட்டுவது ஒரு விதம். சிலுவை, தண்ணீர், ஆட்டுக்குட்டி என்று அடையாளங்களைப் பொறுக்கிக்கொண்டே போவது இன்னொரு விதம். இரண்டிலும் கதை கைநழுவிப் போகிறது.

வேறு ஒரு வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பாத்திரங்கள் எவ்வளவு பக்தியாக இருக்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கதை எதைப் பணயம் வைக்கிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது. விசுவாசம் ஒரு கதையை உண்மையில் வளைக்கும் இடம் அதுதான் என்று நம்புகிறேன்.

பழகிப் பார்க்க அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானரை எடுத்துக்கொள்வோம். 1925இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் பிறந்தவர். 1964இல், 39 வயதில் இறந்தார். இரண்டு நாவல்கள், முப்பத்துச் சொச்சம் சிறுகதைகள். பிறப்பிலிருந்து இறப்புவரை கத்தோலிக்கர். அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. அவருடைய முதல் கதை, அதே கதையைக் கடைசிக் காலத்தில் அவர் மாற்றி எழுதிய வடிவம், முதல் நாவலின் முந்தைய வடிவங்கள், அந்த வருடங்களில் தனக்காக எழுதிவைத்த ஜெபக் குறிப்புகள், எல்லாமே அச்சில் கிடைக்கின்றன. விசுவாசம் எப்போது, எந்த வாசல் வழியாகக் கதைக்குள் வந்தது என்பதை நாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேவையான புத்தகங்கள் மூன்று. 1971இல் வந்த 'தி கம்ப்ளீட் ஸ்டோரீஸ்' தொகுப்பு. இதில் 31 கதைகள் உண்டு. 1952இல் வந்த முதல் நாவல் 'வைஸ் பிளட்'. 2013இல் வெளியான 'எ பிரேயர் ஜர்னல்' என்ற மெலிந்த புத்தகம். ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் ஜார்ஜியாவின் பேச்சுவழக்கு முதல் சில பக்கங்களில் கொஞ்சம் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் சரியாகிவிடும். கதைகளின் முடிவுகளை மறைக்காமல் பேசப்போகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: எந்த விசுவாசம், எந்த ஊரில் என்று கேளுங்கள்

'கிறிஸ்தவ எழுத்தாளர்' என்று குறித்துக்கொண்டால் எதுவும் விளங்காது. ஓ'கானர் கத்தோலிக்கர். அவர் வாழ்ந்த ஜார்ஜியாவோ பாப்டிஸ்டுகளும் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவினர்) தெருமுனைப் பிரசங்கிகளும் நிறைந்த ஊர். கத்தோலிக்கர்கள் அங்கே சிறுபான்மை. அவருடைய கதைகளில் பெரும்பாலும் வருகிறவர்கள் அந்தப் பிரசங்கிகளும் அவர்களுக்கு நடுவில் வளர்ந்தவர்களும்தான். கத்தோலிக்கப் பாத்திரங்கள் அபூர்வம்.

கத்தோலிக்கம் அவருக்கு எப்படிப்பட்ட விஷயம் என்று காட்டும் ஒரு சம்பவத்தை 1955இல் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நியூயார்க்கில் அறிவுஜீவிகள் கூடியிருந்த ஒரு விருந்தில் நற்கருணை, அதாவது கத்தோலிக்க வழிபாட்டில் தரப்படும் அப்பம், பற்றிப் பேச்சு வந்தது. அது ஓர் அழகான குறியீடு என்று ஒருவர் சொன்னார். அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஓ'கானர், அது வெறும் குறியீடுதான் என்றால் எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்று நடுங்கும் குரலில் பட்டென்று சொல்லிவிட்டார்.

இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பம் அப்பமாகவே தோன்றிக்கொண்டு கடவுளின் உடலாகவும் இருக்கிறது என்று நம்புகிறவர் எழுதும் கதையில், கார் முதலில் கார்தான், தண்ணீர் முதலில் தண்ணீர்தான். பொருள்கள் தங்கள் பருமையை விட்டுக்கொடுக்காமலே வேறொன்றைச் சுமக்கும். உடலுக்கு என்ன நடக்கிறது என்பது உயிர்போகும் விஷயமாக இருக்கும். அடையாளங்களைப் பொறுக்கும் பழக்கம் இவரிடம் ஏன் எடுபடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாம் படி: முதல் கதையையும் கடைசிக் கதையையும் அடுத்தடுத்துப் படியுங்கள்

நாவலை இப்போது தொடாதீர்கள். தொகுப்பின் முதல் கதை 'தி ஜெரேனியம்', கடைசிக் கதை 'ஜட்ஜ்மென்ட் டே'. ஒரே மாலையில் இரண்டையும் படித்துவிடலாம்.

'தி ஜெரேனியம்' 1946இல் 'ஆக்சென்ட்' என்ற இதழில் வந்தது. ஓ'கானர் அப்போது அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பட்டறை மாணவி. ஜார்ஜியாவிலிருந்து நியூயார்க்குக்கு மகளோடு வந்து தங்கும் டட்லி என்ற கிழவர், எதிர்வீட்டு ஜன்னலில் தினமும் வைக்கப்படும் ஜெரேனியம் செடியைப் பார்த்துக்கொண்டு நாளைக் கழிக்கிறார். ஊரின் ஆறும் வேட்டையும் நினைவுக்கு வருகின்றன. படியேற முடியாமல் தவிக்கும்போது பக்கத்து வீட்டுக் கறுப்பினத்தவர் கைகொடுத்து ஏற்றிவிடுகிறார். நிறவெறியில் ஊறிய கிழவருக்கு அது தாங்கமுடியாத அவமானம். கடைசியில் செடி கீழே விழுந்து, வேர் மேலே தெரியக் கிடக்கிறது. நல்ல மாணவக் கதை. ஊர் ஏக்கம், வேரறுந்த நிலை, அதற்குப் பொருத்தமாக ஒரு செடி. அவ்வளவுதான்.

பதினெட்டு வருடம் கழித்து, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நாட்களில், அதே கதையை எடுத்து மாற்றி எழுதினார். 'ஜட்ஜ்மென்ட் டே'யில் கிழவர் பெயர் டேனர். அதே நியூயார்க், அதே மகள், அதே படிக்கட்டு. செடி இல்லை. செத்துக் கிடந்தால் தன்னை ஊருக்கு அனுப்பிவைக்கும்படி ஒரு சீட்டு எழுதிச் சட்டைப்பையில் குத்திவைத்திருக்கிறார் டேனர். தன் சவப்பெட்டி ஊர் ரயில் நிலையத்தில் இறங்குவதாகவும், தான் அதிலிருந்து துள்ளி எழுந்து, நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று கத்துவதாகவும் கற்பனை செய்கிறார். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கறுப்பின நடிகரைப் 'பிரசங்கியாரே' என்று கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கிறார். கடவுளும் கிடையாது இயேசுவும் கிடையாது என்று அந்த நடிகர் சீறுகிறார். கடைசியில் படிக்கட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையும் கைகளும் செருகப்பட்டுப் பிணமாகக் கிடக்கிறார் டேனர். மகள் அவரை நியூயார்க்கிலேயே புதைக்கிறாள். பிறகு இரவில் தூக்கம் வராமல், தோண்டி எடுத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறாள்.

இரண்டையும் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து, இரண்டாவதில் புதிதாக என்ன பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். என் வாக்கியம் இது: 1946இல் கிழவரின் கேள்வி எங்கே வாழ்வது, 1964இல் எங்கே உயிர்த்தெழுவது. உடல் மறுபடி எழும் என்று கதையே நம்பும்போதுதான் அது எந்த மண்ணில் கிடக்கிறது என்பது இவ்வளவு பெரிய விஷயமாகிறது. மகளின் தூக்கமே அதைப் பொறுத்துப் போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'தி ஜெரேனியம்' எழுதிய காலத்திலும் அவர் தவறாமல் திருப்பலிக்கு (கத்தோலிக்க ஆலய வழிபாட்டுக்கு) போய்க்கொண்டிருந்தவர்தான். விசுவாசம் இருந்தது; கதைக்குள் மட்டும் அது இன்னும் வரவில்லை. வருவது தானாக நடப்பதில்லை. எழுதித் திருத்தித்தான் வரவழைக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் படி: 'தி டிரெய்ன்' கதையையும் நாவலின் முதல் அத்தியாயத்தையும் ஒப்பிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

'தி டிரெய்ன்' 1947இல் அவர் முதுகலைப் பட்டத்துக்குச் சமர்ப்பித்த தொகுப்பில் இருந்தது, அடுத்த வருடம் இதழில் வந்தது. ஹேசல் விக்கர்ஸ் என்ற இளைஞன் ரயிலில் போகிறான். அம்மா இறந்துவிட்டாள், ஊரும் காலியாகிவிட்டது. ரயில் ஊழியர் தன் ஊர்க்காரர்தான் என்று பிடிவாதமாக நம்பி அவரையே சுற்றிச் சுற்றி வருகிறான். மேல் படுக்கை சவப்பெட்டிபோல் மூச்சுமுட்டுகிறது. இதுவும் வீடு தொலைந்தவனின் கதை, டட்லியின் தம்பி என்று சொல்லலாம்.

இப்போது 'வைஸ் பிளட்' முதல் அத்தியாயம். அதே ரயில், அதே ஊழியர், அதே படுக்கை. இளைஞனின் பெயர் ஹேசல் மோட்ஸ். ராணுவத்திலிருந்து திரும்புகிறான், பளீரென்ற நீல சூட், விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை, தலையில் பிரசங்கி போடும் கறுப்புத் தொப்பி. முந்தைய கதையில் இல்லாத ஒரு தாத்தா வந்துவிட்டார், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். சிறுவயதில் ஹேசலின் மனதில் இயேசு ஒரு கிழிந்த உருவமாக மரத்துக்கு மரம் ஒளிந்து ஒளிந்து வந்து அவனைக் கூப்பிடுகிறார். அந்த அழைப்பிலிருந்து தப்பிப்பதுதான் இப்போது அவன் வாழ்க்கையின் வேலை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்மணியிடம் சம்பந்தமே இல்லாமல், நீங்கள் மீட்கப்பட்டுவிட்டதாக நினைக்கிறீர்கள் போல, என்று கேட்கிறான். அந்த அம்மாள் திகைத்துப்போகிறாள்.

அத்தியாயத்தின் முடிவைப் பாருங்கள். மூச்சுமுட்டும் படுக்கையிலிருந்து வெளியே விடச்சொல்லிக் கத்துகிறான். ஊழியர் அசையாமல் நிற்கிறார். இயேசுவே, இயேசுவே என்கிறான். இயேசு போய் ரொம்ப நாளாகிறது என்று ஊழியர் கசப்பும் வெற்றியும் கலந்த குரலில் சொல்கிறார். இந்தப் பேச்சு 'தி டிரெய்ன்' கதையில் கிடையாது. இதைச் சேர்த்ததும், ஊரை இழந்தவன் கடவுளிடமிருந்து ஓடுகிறவனாக மாறிவிடுகிறான். பென்சிலால் கோடு போட்டுவைக்க வேண்டிய இடம்.

நான்காம் படி: இப்போது நாவல்

'வைஸ் பிளட்' சின்ன நாவல். முதல் வாசிப்பில் சிரித்துக்கொண்டே போங்கள், அது சிரிக்கவைக்கவே எழுதப்பட்டது. டால்கின்ஹம் என்ற கற்பனை நகரத்தில் ஹேசல் 'கிறிஸ்து இல்லாத சபை' ஒன்றை ஆரம்பிக்கிறான். அங்கே குருடர் பார்வை பெறுவதில்லை, முடவர் நடப்பதில்லை, செத்தவர் செத்தவர்தான். 40 டாலருக்கு வாங்கிய ஓட்டை எசெக்ஸ் கார்மேல் ஏறி நின்று இதைப் பிரசங்கிக்கிறான். நல்ல கார் இருப்பவனுக்கு மீட்பு தேவையில்லை என்பது அவன் சித்தாந்தம்.

இரண்டாம் வாசிப்பில் கண்களையும் காரையும் மட்டும் பின்தொடருங்கள், மற்றதை விடுங்கள். ஆசா ஹாக்ஸ் என்ற தெருப் பிரசங்கி குருடன்போல நடிக்கிறான். விசுவாசத்தை நிரூபிக்கத் தன் கண்ணில் சுண்ணாம்பு ஊற்றிக்கொள்வதாக ஒருகாலத்தில் அறிவித்து, கடைசி நிமிடத்தில் தைரியம் இழந்தவன். ஹேசலைப்போலவே உடையணிந்து பணத்துக்காகப் பிரசங்கம் செய்யும் ஒருவனை ஹேசல் கார் ஏற்றிக் கொல்கிறான். பிறகு ஒரு போலீஸ்காரர், உரிமம் இல்லாத ஆளுக்குக் கார் எதற்கு என்பதுபோல், சாவதானமாக அந்தக் காரை மேட்டிலிருந்து தள்ளிவிட்டு நொறுக்குகிறார். ஹேசல் நடந்தே நகரத்துக்குத் திரும்பி, சுண்ணாம்பும் வாளியும் வாங்கிக்கொண்டு போய், ஹாக்ஸ் செய்யத் துணியாததைச் செய்துவிடுகிறான். அப்புறம் செருப்புக்குள் கல்லும் கண்ணாடித்துண்டும், மார்பில் முள்கம்பி. ஏன் என்று வீட்டுக்காரம்மா கேட்டால், செலுத்த வேண்டிய கடன் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பதில்தான் வருகிறது.

கண்ணைப் பற்றி ஒரு தகவல். நாவலை எப்படி முடிப்பது என்று தெரியாமல் ஓ'கானர் தவித்தபோது, கனெக்டிகட்டில் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு கிரேக்க நாடகங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர். அங்கேதான் ஓ'கானர், தன் கண்களைத் தானே குருடாக்கிக்கொள்ளும் அரசன் ஈடிபஸைப் பற்றிய நாடகங்களை முதன்முறையாகப் படித்தார், முடிவும் கிடைத்தது. கத்தோலிக்க நாவலின் மிகக் கத்தோலிக்கமான தருணம் ஒரு கிரேக்கத் துன்பியலிலிருந்து வந்திருக்கிறது. விசுவாசமுள்ள எழுத்தாளரின் எல்லாப் படிமமும் வேதாகமத்திலிருந்துதான் வரும் என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

இங்கே முதல் படியில் கேட்ட கேள்வி உதவிக்கு வருகிறது. ஒரு கத்தோலிக்கர் தன் பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், அதாவது குருவிடம் அதை ஒப்புக்கொள்ளலாம்; குரு சொல்லும் பரிகாரத்தைச் செய்துவிட்டு எழுந்து போகலாம். ஹேசலுக்கு அப்படி ஒரு அறை, ஒரு குரு, ஒரு சடங்கு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அவனே தன் உடம்பில் செய்துகொள்கிறான். தெற்கத்திய மதம் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் மதம், கத்தோலிக்கரான எனக்கு அது வேதனையாகவும் உருக்கமாகவும் கொடிய வேடிக்கையாகவும் இருக்கிறது என்று 1959இல் ஒரு கடிதத்தில் ஓ'கானரே எழுதினார். நாவலின் தொனி முழுவதும் இந்த மூன்று உணர்ச்சிகளின் கலவைதான். ஒரு பாப்டிஸ்ட் எழுத்தாளர் ஹேசலை இப்படி எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். விசுவாசமே இல்லாதவர் எழுதியிருந்தால் அவன் வெறும் பைத்தியக்காரனாக முடிந்திருப்பான்.

ஐந்தாம் படி: எழுத்தாளர் சொன்னதைக் கடைசியில் கேளுங்கள்

ஜெபக் குறிப்புகள் 1946 ஜனவரியிலிருந்து 1947 செப்டம்பர்வரை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதப்பட்டவை. இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் கடவுளிடம் பேசுகிறார். நீர் மெல்லிய பிறைநிலா, முழு நிலவையும் காணவிடாமல் மறைக்கும் பூமியின் நிழல் நான்தான் என்கிறார். கிறிஸ்தவக் கோட்பாடுகள் என் எழுத்தில் ஊறட்டும், ஊறுவதற்குப் போதுமான அளவு என் எழுத்து அச்சிலும் வரட்டும் என்று அதே மூச்சில் வேண்டிக்கொள்கிறார். பக்தியும் ஆசையும் பிரிக்கமுடியாமல் கிடக்கின்றன. இந்த வரிகளைப் படித்துவிட்டு 'தி டிரெய்ன்' கதைக்குத் திரும்பினால், கேட்டது இன்னும் கிடைக்காத கட்டம் அது என்பது புரியும்.

நாவலின் 1962ஆம் வருடப் பதிப்புக்கு அவர் ஒரு சின்ன முன்குறிப்பு எழுதினார். மரத்துக்கு மரம் ஒளியும் அந்த உருவத்தை உதறித்தள்ள ஹேசல் இவ்வளவு போராடுவதே அவன் நேர்மை என்று சில வாசகர்கள் நினைக்கிறார்கள். அதை உதற முடியாமல் போவதுதான் அவன் நேர்மை என்பது ஆசிரியரின் எண்ணம் என்கிறார். கூர்மையான குறிப்பு. ஆனால் நாவல் வந்து பத்து வருடம் கழித்து, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட அலுப்பில் எழுதியது. முதலிலேயே இதைப் படித்துவிட்டால் உங்கள் வாசிப்பு அதற்குள் அடங்கிவிடும். அதனால்தான் கடைசிக்குத் தள்ளினேன்.

ஆறாம் படி: இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதை

ஒன்று, நோய். அவருடைய அப்பா, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயால் 1941இல் இறந்தார். ஓ'கானருக்கும் 1950 டிசம்பரில் அதே நோய் தாக்கியது. நாவலின் வன்முறைக்கும் வலிக்கும் இதைக் காரணமாகச் சொல்லத் தோன்றும். தேதிகளைப் பாருங்கள், நாவலின் பெரும்பகுதி அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இரண்டு, நிறம். அவருடைய தனிப்பட்ட கடிதங்களில் கறுப்பின மக்களைப் பற்றி மன்னிக்கமுடியாத வரிகள் இருக்கின்றன. 2020இல் மேரிலாந்து லயோலா பல்கலைக்கழகம் மாணவர் விடுதி ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது. அருளைப் பற்றி இவ்வளவு ஆழமாக எழுதியவரின் கண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முழுமையாகத் தெரியவில்லை. விசுவாசத்தைக் காட்டி இதை மூடக்கூடாது, இதைக் காட்டிக் கதைகளைத் தூக்கியெறியவும் எனக்கு மனமில்லை. 'தி ஜெரேனியம்', 'ஜட்ஜ்மென்ட் டே' இரண்டிலும் கைகொடுக்கும் அல்லது கையோங்கும் அந்த அண்டைவீட்டுக்காரருக்கு எவ்வளவு உள்மனம் தரப்பட்டிருக்கிறது என்று மறுபடி பாருங்கள். இரண்டிலும் குறைவுதான்.

ஏழாம் படி: தனியாக ஒரு கதை

'தி ரிவர்' கதையை எந்த விளக்கமும் படிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் வந்த அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பில் உள்ளது. எதையும் பொருட்படுத்தாத பெற்றோர், நாலைந்து வயதுப் பையன். அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போகிறாள், பிரசங்கி ஞானஸ்நானம் கொடுத்து, இனி நீ கணக்கில் உண்டு என்கிறார். மறுநாள் காலை பையன் தனியாக ஆற்றுக்குத் திரும்பிப்போய், தண்ணீருக்கடியில் தேவராஜ்யத்தைத் தேடி மூழ்கிவிடுகிறான்.

மூன்று கேள்விகளுக்கு எழுதிப் பாருங்கள். பையனுக்கு வீட்டில் என்ன மதிப்பு இருந்தது? ஆறு எந்த இடத்தில் வெறும் ஆறாக இருக்கிறது, எங்கே அதற்குமேல் ஆகிறது? இந்த மரணத்தை ஓர் இழப்பு என்று கதை சொல்கிறதா, போய்ச்சேர்ந்தான் என்கிறதா? மூன்றாவதற்கு என் பதில் வாசிப்புக்கு வாசிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. அம்மா அப்பாவாக இருப்பவர்களுக்கு இந்தக் கதை கடினம், மனதைத் தயார்செய்துகொண்டு படியுங்கள்.

அடுத்து, இதே கேள்விகளை வேறொரு எழுத்தாளரிடம் கொண்டுபோகலாம். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர். ஆனால் பிரதாபனும் ஞானாம்பாளும் கத்தோலிக்கர்கள் இல்லை. இவருக்கு ஓ'கானரின் ஆவேசம் கிடையாது. சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவர். அதனால் தேடவேண்டிய இடமும் வேறு: பாத்திரங்கள் ஆபத்தில் யாரைக் கூப்பிடுகிறார்கள், நாவல் எந்தக் குற்றத்தை மன்னிக்கிறது, எதற்குத் தண்டனை தருகிறது. ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாளும் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.